வீட்டுக்கே வரும் நோட்டரி: பவர் பத்திரத்துக்கு முன்னால் என்னென்ன தயார் செய்வது?

கேள்வி, பிப்ரவரி 9

அண்ணன் கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருக்கிறார். பள்ளத்தூர் வீட்டில் எங்கள் பங்கைப் பங்காளிகளுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டோம். அண்ணன் எனக்குப் பவர் (அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதித் தரவேண்டும். வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கும் மொபைல் நோட்டரி ஒருவரை 21ஆம் தேதிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். "எல்லாம் நோட்டரி பார்த்துக்கொள்வார், நீ பத்திரத்தை மெயிலில் அனுப்பினால் போதும்" என்கிறார். அவ்வளவுதானா? வேறு ஏதாவது தயார் செய்யணுமா?

பிப்ரவரி 9, இரவு

அவ்வளவு இல்லை தம்பி. நோட்டரி எதையும் பார்த்துக்கொள்ள மாட்டார். அங்கே அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

கலிபோர்னியா நோட்டரி ஒட்டித் தரும் சான்றின் தலைப்பில் ஒரு கட்டம் இருக்கும். 2015 முதல் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதை மட்டுமே இந்தச் சான்று உறுதி செய்கிறது. பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா, சரியா, செல்லுபடியாகுமா என்பதற்கு இது பொறுப்பல்ல என்று அதில் அச்சிட்டிருக்கும். அண்ணனை அந்தக் கட்டத்தை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

நம் ஊரில் நோட்டரி என்றால் வக்கீல். 1956 நோட்டரி விதிகளின்படி பொதுவாக 10 வருடமாவது தொழில் செய்திருக்க வேண்டும், பெண்களுக்கு 7 வருடம். அதனால் பத்திரத்தில் ஏதாவது தப்பிருந்தால் "இதை மாத்திட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். அமெரிக்காவில் நோட்டரி வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. வக்கீல் அல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். பத்திரத்தில் சர்வே நம்பர் விட்டுப்போயிருந்தாலும் அவர் வாய் திறக்கமாட்டார். சீல் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே பத்திரம் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் அவர் வாசல் மணியை அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்கணும். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை

முதலில் பெயர். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பத்திரங்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டும்.

நம் வீடுகளில் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் வரிசை, நீளம். தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் மூலப் பத்திரம்) நாலு தலைமுறை இனிஷியல், அதற்குப் பிறகு பெயர், அதற்குப் பிறகு செட்டியார். பட்டாவில் அதில் பாதி காணாமல் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலே இருக்காது, அப்பச்சி (அப்பா) பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போய் ஒட்டியிருக்கும். உதாரணத்துக்கு ஊர்ப் பத்திரத்தில் "ராம.சித.அழ. சிதம்பரம் செட்டியார்" என்று இருப்பவர் கலிபோர்னியா டிரைவிங் லைசென்சில் "சிதம்பரம் அழகப்பன்". நோட்டரிக்குத் தெரிந்தது லைசென்சில் உள்ள ஆள் மட்டும்தான். பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால் அவர் சான்று எழுத மறுக்கலாம். மறுத்தால் அது அவர் கடமை, கோபப்படுவதில் அர்த்தமில்லை.

இதற்கு வழி: பத்திரத்தின் தொடக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அடுத்த வரியில் "தாய்ப்பத்திரத்திலும் பட்டாவிலும் இன்ன பெயரால் குறிக்கப்பட்டவரும் நானே" என்று சேருங்கள். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பெயர் வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு பிரமாணப் பத்திரமும் தயார் செய்து, அதே நோட்டரி முன்னால் அதே நாளில் போட்டுவிடுங்கள். இங்கே ரிஜிஸ்தர் ஆபீசில் கேட்கும்போது கையில் இருக்கும்.

அடையாள அட்டை காலாவதி ஆகாததாக இருக்கணும். பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் இரண்டையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆதாரை அங்கே நீட்டிப் பயனில்லை. இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர்கள், போனில் நேரம் குறிக்கும்போதே அது போதுமா என்று நோட்டரியிடம் கேட்டுவிடுவது நல்லது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

பிப்ரவரி 10, மதியம்

சின்ன விஷயம், ஆனால் அலைக்கழிக்கும். தேதி.

பத்திரத்தில் தேதியை இங்கிருந்தே டைப் செய்து அனுப்பாதீர்கள். கோடு விட்டு அனுப்புங்கள். நமக்கு வெள்ளிக்கிழமை காலை என்றால் அவர்களுக்கு வியாழன் இரவு. இங்கே நல்ல நாள் பார்த்து அடித்த தேதி ஒன்று, நோட்டரி போடும் தேதி வேறொன்று என்று ஆனால் பத்திரம் பிறக்கும் முன்பே சான்று வந்த கதையாகிவிடும்.

அதோடு, அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 03/04 என்றால் அங்கே மார்ச் 4, இங்கே படிப்பவருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதும்படி நோட்டரியிடம் கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

பிப்ரவரி 11

"வயதானவர்கள் கையெழுத்துப் போட்டால் நோட்டரி ஏதாவது கேள்வி கேட்பாரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்பார். அதற்குத் தயாராவதுதான் பெரிய வேலை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பெரியாத்தா மகனோடு கலிபோர்னியாவில் இருக்கிறார். தேவகோட்டை வீட்டில் பெரியப்பா பங்குக்கு அவரும் வாரிசு, பவர் எழுதும் பொறுப்பு என் தலையில். நோட்டரி அம்மா வந்த நேரம் நான் இங்கே வீடியோவில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் பத்திரம், இரண்டு நீலப் பேனா, பாஸ்போர்ட். நோட்டரி தன் பையிலிருந்து நீளமான பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். பவர் பத்திரத்துக்கும் சொத்துப் பத்திரத்துக்கும் கலிபோர்னியாவில் அந்தப் பதிவேட்டில் வலது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். பெரியாத்தா மை டப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனுஷியிடம் எதற்குக் கைநாட்டு என்று அவருக்கு. "ரேகை வைப்பார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் ஆத்தா" என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சங்கடம் இருந்திருக்காது.

அடுத்து நோட்டரி அவர் முகத்தைப் பார்த்து, இது என்ன பத்திரம் என்று தெரியுமா, உங்கள் விருப்பப்படிதான் போடுகிறீர்களா என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். மகன் முந்திக்கொண்டு "ஆமாம், தெரியும்" என்றார். நோட்டரி கையைக் காட்டி அவரை நிறுத்தி, பக்கத்து அறையில் கொஞ்சம் இருக்கச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். பெரியாத்தா நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். நமக்கு அது "சரி". அந்த அம்மாவுக்கு அது "இல்லை"யாகவும் தெரியும், "தெரியவில்லை"யாகவும் தெரியும். வாயைத் திறந்து "யெஸ்" என்று சொல்லும்வரை பேனாவைக் கொடுக்கவில்லை.

கலிபோர்னியாவில் நோட்டரியும் கையெழுத்துப் போடுபவரும் நேரடியாகப் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் கூடாது. மகன் இருக்கிறார், பேரன் இருக்கிறான் என்பது எடுபடாது. ஆங்கிலமே தெரியாதவராக இருந்தால் தமிழ் பேசும் நோட்டரியைத் தேடுங்கள். கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் "இது என் வீட்டுப் பங்குக்கான பவர், இன்னாருக்குக் கொடுக்கிறேன், விரும்பித்தான் கொடுக்கிறேன்" என்பதை அவர் தன் சொந்த வார்த்தையில் சொல்லப் பழகட்டும். மனப்பாடம் வேண்டாம். விஷயம் புரிந்திருந்தால் வார்த்தை தானாக வரும்.

பிப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதில் விட்டுப்போனது ஒன்று. புரிய வைப்பது என்று சொன்னேனே, அதை நோட்டரி வரும் நாளில் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்னால், அவசரமில்லாத ஒரு நேரத்தில் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இங்கிலீஷ் பத்திரம் என்றால் தமிழில் ஒரு படி எழுதி அனுப்புங்கள்.

நான் போனில் வாசித்தபோது பெரியாத்தா கேட்ட முதல் கேள்வி: "ரெண்டாங்கட்டு அறைச் சாவி என்னப்பா ஆகும்?" அந்த அறையில் அவருடைய சீர் சாமான் இருக்கிறது. வெண்கலப் பானை, எவர்சில்வர் அடுக்கு, மரப்பெட்டி, எல்லாம் அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. பத்திரத்தில் "பங்கு முழுவதும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். அவர் கேட்ட பிறகு, அறைக்குள் இருக்கும் சாமான் அவருடையதே, ஒப்படைக்கும் முன் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்று தனி வரி சேர்த்தோம். பங்காளிகளும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். எந்த நோட்டரியும் இதைக் கேட்கமாட்டார், எந்தப் பத்திர எழுத்தருக்கும் இது தோன்றாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 12

சொத்து விவரம் பற்றித் தனியாகச் சொல்லணும். செட்டிநாட்டு வீட்டுக்கு நகரத்து ஃபிளாட் மாதிரி எழுதினால் நிற்காது.

கதவு எண், தெரு, நான்கெல்லை, பழைய சர்வே எண், நகர அளவை எண் எல்லாம் வேண்டும். அதற்கு மேல், பொதுவில் எத்தனையில் ஒரு பங்கு என்ற பின்னம். அதற்கும் மேல், பேசி அனுபவித்துவரும் அறைகள்: வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதி) எந்தப் பக்கம், எத்தனாவது அறை, மேல்மாடி உண்டா. பிறகு முகப்பு, வளவு, கிணறு, பின்கட்டு, நடைபாதை எல்லோருக்கும் பொது என்ற வரி. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பத்திரம் அமெரிக்காவில் அழகாகச் சீல் வாங்கி வந்தது. பின்னம் விட்டுப்போனதால் இங்கே ஏற்கவில்லை. மறுபடி நோட்டரி, மறுபடி கூரியர்.

வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து சொத்து விவரத்தை டைப் செய்யச் சொல்லுங்கள். பழைய பவரிலிருந்து நகல் எடுத்தால் பழைய தப்பும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, வாரிசு. அப்பச்சி காலமாகியிருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 அதைத்தான் சொல்கிறது. "பொம்பளப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பங்கு கிடையாது, அவங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று நம் பக்கம் சொல்வது பேச்சுக்குச் சரி, பதிவுக்கு ஆகாது. தங்கச்சி கையெழுத்தும் வேண்டும். அவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவருக்கும் இதே ஏற்பாடு செய்யுங்கள். கேட்டு வாங்கினால் கொடுப்பார்கள். கேட்காமல் விட்டால் மனம் நோகும், பத்திரமும் ஊனமாகும்.

பிப்ரவரி 13

பணம், சாட்சி, தாள். சுருக்கமாக.

கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு நோட்டரி வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 15 டாலர். வீட்டுக்கு வருவதற்கான பயணச் செலவு அதில் சேராது, அது நீங்கள் பேசிக்கொள்வது. எத்தனை கையெழுத்துக்குச் சான்று வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

நம் பவருக்கு இரண்டு சாட்சி வைப்பது வழக்கம். நோட்டரி சாட்சி கொண்டுவரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று இரண்டு பேரை அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், அடையாள அட்டையோடு. பங்கில் தொடர்புள்ளவர் வேண்டாம்.

முத்திரைத்தாளை இங்கிருந்து கூரியரில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு இந்தியா வந்த பிறகு முத்திரை போட சட்டமே இடம் தருகிறது. நல்ல தடிமனான வெள்ளைத் தாள் போதும். கடைசிப் பக்கத்தில் சீலுக்கு நாலு விரல் இடம் விடுங்கள். சீல் எழுத்தின் மேல் விழக்கூடாது. கொடுப்பவர், வாங்குபவர் இருவர் போட்டோவும் ஒட்டியிருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து.

எந்தப் பக்கத்திலும் நோட்டரி வருமுன் கையெழுத்துப் போட வேண்டாம். "நேரம் மிச்சம்" என்று முன்கூட்டியே போட்டு வைப்பவர்கள் உண்டு. பிரமாணப் பத்திரம் என்றால் அவர் கண் முன்னால் போட்டே ஆகணும். பவரையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 14

கேள்வி கேட்ட தம்பி இன்னொன்று கேட்கிறார்: ஆத்தா கோட்டையூரில் இருக்கிறார், நடக்க முடியாது, ஆத்தா பவருக்கும் காரைக்குடி நோட்டரி ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிடலாமா?

வேண்டாம். இங்கேதான் பலர் பணத்தையும் நாளையும் விடுகிறார்கள். ஆத்தா இந்தியாவில் இருப்பதால் அவருக்கு வேறு வழி.

பதிவுச் சட்டம் 1908, பிரிவு 33 இதைப் பிரித்து வைத்திருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் நோட்டரி முன்போ, நீதிமன்றம் முன்போ, இந்தியத் தூதரக அதிகாரி முன்போ போட்ட பவரை இங்கே பதிவுக்கு ஏற்கலாம். இந்தியாவில் வசிப்பவர் என்றால் சார்பதிவாளர் முன்னால் போட்டதுதான். அதோடு 2012 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்தே ஆகவேண்டும். நோட்டரி சீல் மட்டும் வைத்த பவரை எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

ஆத்தாவால் வர முடியாது என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வரலாம். உடல்நிலை காரணமாக வர இயலாதவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மருத்துவர் சான்றோடு மனுக் கொடுத்து, அதற்குரிய கட்டணமும் கட்டினால் நாள் குறித்து வருவார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இது பெரிய உதவி. நம் ஊரில் பலருக்கு இது தெரியவே தெரியாது. ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு போய் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வெயிலில் காக்க வைப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

அவர் வரும் நாளுக்கும் தயாரிப்பு அதேதான். ஆத்தா விழித்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின் கையெட்டும் தூரத்தில். ஆதார் அசல். அறையில் கூட்டம் வேண்டாம். கேள்விக்கு ஆத்தா பதில் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 14, சற்று நேரம் கழித்து

அப்படியானால் நம் ஊர் நோட்டரிக்கு வேலையே இல்லையா என்று ஒருவர். நிறைய இருக்கிறது. பெயர் வித்தியாசப் பிரமாணப் பத்திரம், அசலைப் பார்த்துச் சரிபார்த்த நகல், வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் கட்டும் உறுதிமொழி, இதெல்லாம் அவர் வேலைதான். கேட்டால் வீட்டுக்கும் வருவார்கள். பதிவேட்டில் வரிசை எண் போட்டு உங்கள் கையெழுத்தும் வாங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஆளைப் பார்க்காமல் சீல் வைத்துக் கொடுப்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

உயில் பற்றியும் கேட்டிருந்தார். உயிலுக்கு நோட்டரி தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் போட்ட கையெழுத்துக்கு இரண்டு பேர் சாட்சி போட்டிருக்கணும், அதுதான் 1925 வாரிசுரிமைச் சட்டம் கேட்பது. என் அபிப்பிராயம், உயிலையும் பதிவு செய்துவிடுவது நல்லது. பங்காளிகள் நிறைந்த வீட்டில் பிற்காலத்தில் கேள்வி வராது.

பிப்ரவரி 16

சீல் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு அப்போஸ்டில்.

ஒரு நாட்டுப் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்க இந்தச் சான்றே போதும் என்பது 1961 ஹேக் உடன்படிக்கை. அதில் அமெரிக்காவும் உண்டு, 2005 முதல் இந்தியாவும் உண்டு. நோட்டரியின் கையெழுத்து உண்மைதான் என்று அந்த மாநிலத்தின் செயலர் அலுவலகம் ஒரு சான்றைச் சேர்த்துத் தைத்துத் தரும். கலிபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம், கட்டணம் 20 டாலர். நேரில் போகவும் இடம் உண்டு. நியூயார்க்கில் இருப்பவர்கள் முதலில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகச் சான்று வாங்கி, பிறகுதான் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். நோட்டரி வருவதற்கு முந்தியே இந்த வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால், இந்தியாவுக்குப் போகும் பத்திரம் இது என்று அவரிடம் சொல்லலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகளுக்கு இப்போது எளிது. 2021இல் சிங்கப்பூரும் சேர்ந்துவிட்டது. மலேசியா அந்த உடன்படிக்கையில் இல்லை. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குச் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது, இந்தியத் தூதரகத்திலேயே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்பதுதான். நோட்டரி, அங்குள்ள வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று மூன்று வாசல் ஏறுவதற்கு ஒரே வாசல் மேல். நம் ஆட்கள் ஒரு வீட்டுக்கு மூன்று நாட்டில் இருப்பதால் ஒருவருக்குச் சொன்ன வழியை மற்றவருக்கு அப்படியே அனுப்பக்கூடாது.

அப்போஸ்டில் தாளைத் தைத்திருக்கும் பின்னை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் முதல் வேலையாகப் பின்னைப் பிடுங்குவார்கள், அவர்களுக்குப் பழக்கம். பின் எடுத்த ஓட்டை தெரிந்தால் தாளை மாற்றிவிட்டீர்களா என்ற சந்தேகம் வரும். நகல் வேண்டுமென்றால் கூடவே நின்று, மடித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நான் செக்காலை ரோட்டுக் கடையில் அப்படித்தான் கவரின் மேலேயே "பின் எடுக்காதீர்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, இரவு

காலக்கெடு எழுத விட்டுப்போயிற்று. பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். முத்திரைச் சட்டம் பிரிவு 18. கையெழுத்தான நாளிலிருந்து கணக்கு இல்லை, வந்து சேர்ந்த நாளிலிருந்து. அதற்கு ஆதாரம் கூரியர் கவர். அதைக் கிழித்துக் குப்பையில் போடாமல் பத்திரத்தோடு வைத்திருங்கள்.

அதோடு, பவரை வைத்துப் பதிவு செய்யும்போது எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அது அண்மையில் வாங்கியதாக இருக்கணும், பவரோடு வாங்கி வைத்தது மாதக் கணக்கில் ஆகியிருந்தால் ஏற்கமாட்டார்கள். கொடுத்தவர் காலமானால் பவரும் அத்தோடு முடிந்தது. வயதானவர் பவரை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு "தை பிறக்கட்டும்" என்று இருக்காதீர்கள்.

பிப்ரவரி 18

இரண்டு நாளாக ஒரு யோசனை. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அண்ணன் ஆறு மாதத்துக்குள் ஊருக்கு வருவதாக இருந்தால், கல்யாணமோ சாந்தியோ (அறுபதாம் கல்யாணம்) ஏதாவது இருந்தால், பவரே வேண்டாம். வரும்போது அவரே ரிஜிஸ்தர் ஆபீசில் உட்கார்ந்து விடுதலைப் பத்திரத்தில் நேராகக் கையெழுத்துப் போடட்டும். தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் தன் கையால் எழுதிக் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. கடைசியாக ஒருமுறை முகப்பில் உட்கார்ந்து பங்காளிகளோடு காப்பி குடித்துவிட்டுப் போகலாம். பவர் என்பது வரவே முடியாதவருக்கு.

வர முடியாது என்றால் பவரை இந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதுங்கள். இன்ன வீட்டில் இன்ன பங்கை இன்னாருக்கு விடுதலை செய்ய, என்று முடித்துவிடுங்கள். பொதுப் பவர் எழுதி, வாங்க, விற்க, கடன் வைக்க, கேஸ் நடத்த என்று இருபது வரி சேர்ப்பது நம் பத்திர எழுத்தர்களுக்குப் பழகிய கை. உங்கள் அண்ணன் உங்களை நம்புகிறார், சரி. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள். தேவைக்கு மேல் ஒரு அதிகாரம்கூட வாங்காதீர்கள்.

பிப்ரவரி 20

நாளை நோட்டரி வருகிறார் என்பதால் அண்ணனுக்கு அனுப்ப:

பத்திரத்தை இன்றே பிரிண்ட் எடுத்து, எல்லாப் பக்கமும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நாம் ஏ4 அளவில் அனுப்புவதை அங்குள்ள பிரிண்டர் தன் தாளுக்குச் சுருக்கி, அடி வரியை விழுங்கிவிடும். தேதி, இடம் தவிர வேறு எங்கும் வெற்றிடம் இருக்கக்கூடாது. நிரப்பாத கோடு இருந்தால் நோட்டரி தொடமாட்டார். பத்திரம் தமிழில் மட்டும் இருந்தால் அதை இன்றே அவரிடம் சொல்லுங்கள். சான்று ஆங்கிலத்தில் இருக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் படிக்க முடியாத பத்திரத்தைச் சிலர் ஏற்கத் தயங்குவார்கள். இரண்டு படியாகப் போடுங்கள், ஒன்று கூரியரில் தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். இரண்டாவது படிக்கும் தனிச் சான்று, தனிக் கட்டணம்.

ராகுகாலம் பார்க்கிறவர்கள் சான் ஹோசே சூரிய உதயத்துக்குக் கணக்குப் பாருங்கள், காரைக்குடி காலண்டரை வைத்து அல்ல.

பிப்ரவரி 22

கையெழுத்து ஆகிவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அண்ணன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். சான்றில் கவுண்டி பெயர் இருக்கிறது, மாதம் எழுத்தில் இருக்கிறது, சீல் தெளிவாக விழுந்திருக்கிறது, நோட்டரியின் உரிமம் முடியும் தேதியும் படிக்க முடிகிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில் மட்டும் அண்ணன் கையெழுத்து இல்லை. அப்போஸ்டிலுக்குத் தபாலில் போடும் முன் அதே நோட்டரியை அழைத்து, அவர் முன்னாலேயே அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். தபாலில் போன பிறகு திரும்ப வரவழைப்பது கஷ்டம். ஆத்தாவுக்காகச் சார்பதிவாளரிடம் கொடுக்கும் மனுவில் டாக்டர் சான்றின் அசலை வையுங்கள், நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.